மாணவர் முன்னேற்றத்தை அறிவது எப்படி?

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி வகுப்பில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டு முடிவில் பெற்றோரிடம் நாம் அளிக்கும் முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண் உண்டு, தரவரிசையும் உண்டு. ஆனால், குழந்தை ஜூன் மாதத்தில் எந்நிலையில் இருந்தது, இன்று எந்நிலைக்கு வந்துள்ளது, மேலே செல்லத் தடையாக இருப்பது எது என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடை கிடைப்பதில்லை. இம்மூன்று வினாக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

6 வயது முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி அளிக்கும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக்கூடாது என்றும், கற்றலைத் தொடர்ந்து முழுமையாக மதிப்பிட வேண்டும் என்றும் அது விதித்தது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேறாதவருக்குக் கூடுதல் பயிற்சி தந்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும்; அதிலும் தேறாதவரை நிறுத்தி வைக்க அரசுகள் அனுமதிக்கலாம்.

நிறுத்துவதா, அனுப்புவதா என்ற விவாதம் நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. காரணம் அறியாமல் நிறுத்தி வைத்தால், புரியாத பாடத்தையே குழந்தை அதே முறையில் மீண்டும் கேட்கிறது. காரணம் அறியாமல் மேலே அனுப்பினால், பள்ளம் அடுத்த வகுப்பில் மேலும் ஆழமாகிறது. எவ்வழியாயினும் குழந்தைக்கு எது புரியவில்லை என்பதை ஆசிரியர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பயில்வோருள் இரண்டாம் வகுப்பு நிலைப் பகுதியைப் படிக்க வல்லவர்கள் 2022-இல் 16.3 சதவீதம், 2024-இல் 23.4 சதவீதம். இது வளர்ச்சியே. ஆயினும், நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் பின்தங்கியுள்ளனர்.

தவறு காட்டும் வழி

கணக்கில் நூற்றுக்கு 40 பெற்ற இரு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது மட்டும் வரவில்லை. மற்றவனுக்குக் கணக்கு வருகிறது. வினாவைப் படிக்கத்தான் வரவில்லை. இருவருக்கும் தேவைப்படும் மருந்து வேறு. மதிப்பெண்ணோ இருவரையும் ஒன்றாகவே காட்டுகிறது.

52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று ஒரு குழந்தை எழுதினால், அது கவனக்குறைவால் வந்த விடையன்று. ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால், 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும் என்ற விதியை அது உண்மையாகவே பின்பற்றியுள்ளது. அக்குழந்தைக்கு மேலும் பத்துக் கணக்குகள் தருவதால் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தால், நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆவதைத் தானே காணும்.

நூற்றைந்து என்று சொன்னால் 1005 என எழுதும் குழந்தை, காதில் விழுந்தபடி நூறையும் ஐந்தையும் அடுத்தடுத்து எழுதுகிறது. தொண்ணூறு என்ற சொல்லில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பது தமிழ்க் குழந்தைக்கு உள்ள தனி இடர். இந்தியில் 29-இன் பெயர் முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் அமைந்தது. அங்குள்ள குழந்தைக்கு இடர் வேறிடத்தில் வருகிறது. ஆகவே, பாடநூல் வழியை மட்டும் நம்பாமல், 'எப்படிச் செய்தாய்?' என்று குழந்தையிடமே கேட்க வேண்டும். சரியான விடைக்கும் இக்கேள்வி பொருந்தும். பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதிய விடையும் சரியாக இருக்கக்கூடும் அல்லவா?

நேரத்துக்கு வழி

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் ஏது என நீங்கள் கேட்கலாம். மற்றவர்கள் எழுத்துப் பயிற்சியில் இருக்கும்போது நாளொன்றுக்கு ஐவரை, ஒருவருக்கு மூன்று நிமிடம் வீதம், அருகில் அழைத்துப் படிக்கவும் கணக்கிடவும் சொல்லலாம். பதினைந்து நிமிடமே செலவாகும். எட்டு வேலை நாட்களில் வகுப்பு முழுவதையும் தனித்தனியே கேட்டுவிடலாம். குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியையும் செய்ய முடிந்ததையும் ஒரு வரியில் குறித்தால் போதும். ஒரே தடை உள்ளவர்களை மறுநாள் ஒரு குழுவாக அமர்த்திக் கற்பிக்க அக்குறிப்பே வழிகாட்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

தொடர் மதிப்பீடு பல பள்ளிகளில் பதிவேடுகளைப் பெருக்கியதோடு நின்றுவிட்டது. நிரப்பிய கட்டங்களைப் பார்வையிடும் அதிகாரிக்கு, கட்டங்களை நிரப்பித் தரவே ஆசிரியர் பழகிக்கொள்வார். பள்ளிக்கு வரும்போது ஒரு குழந்தையின் ஜூன் மாத ஏட்டையும் நவம்பர் மாத ஏட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'இக்குழந்தைக்கு அடுத்து என்ன கற்பிக்கப் போகிறீர்கள்?' என்று ஆசிரியரைக் கேளுங்கள். குறைகளை மறைக்காமல் எழுதிய ஆசிரியரை அதற்காகத் தண்டிக்காதீர்கள். தண்டனைக்கு அஞ்சி எல்லாரும் தேர்ச்சி என எழுதப்பட்டால், உதவி தேவைப்படும் குழந்தை கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாக் குழந்தைகளும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கத்தின் நோக்கம். 2026-27 அதற்குரிய ஆண்டாகக் குறிக்கப்பட்டது. இலக்கைத் தேசம் வகுக்கலாம். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை வகுப்பறையில் உள்ள ஆசிரியர்தான் கண்டறிய முடியும். அப்பணியை நாளைக் காலையே ஐந்து குழந்தைகளுடன் தொடங்குவோமாக.