அயல்வீட்டு மொழியும் நம் கடனும்

(எமது வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



மொழிப்பற்று என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்துரைக்க வல்லவர் பலர் இம்மேடையிலே இருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு வழியாற் செல்ல எண்ணினோம். ஒரு மொழி எவ்வாறு நலிகின்றது, நலிந்த மொழி எவ்வாறு மீண்டும் தலையெடுக்கின்றது என்பதைக் கடல் கடந்த ஒரு நாட்டிலே முதலிற் கண்டு, பின்னர் நம் திருகோணமலைக்குத் திரும்புவோம்.

பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்திலே வேல்ஸ் என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டாரின் மொழி ஆங்கிலத்தின் கிளையன்று. தனித்த பழைய மொழி. 1588ஆம் ஆண்டிலேயே விவிலியம் முழுவதும் அதிலே அச்சேறிவிட்டது. ஆனால் 1847இல் அந்நாட்டுக் கல்வி நிலையை ஆராயச் சென்ற ஆணையாளர் மூவரும் அம்மொழி அறியாதவர்கள். அம்மக்களின் முன்னேற்றத்துக்கு அவர்தம் மொழியே தடை என்று அவர்கள் எழுதி வைத்தனர். பாடசாலைகள் பலவற்றிலே, தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்திலே ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்துப் பேசிய பிள்ளைக்கு அது கைமாறும். மாலையிலே எவன் கழுத்தில் அது கிடந்ததோ அவனுக்குப் பிரம்படி.

இதனை ஆங்கிலேயர் மாத்திரம் செய்தனர் என்று எண்ணற்க. அம்மொழி பேசிய ஆசிரியர்களும் செய்தனர். பெற்றோரும் வாய்மூடி இருந்தனர். உத்தியோகம் ஆங்கிலத்திலே, உயர்வு ஆங்கிலத்திலே, வீட்டு மொழி அடுப்படிக்குப் போதும் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்திலேயே வேரூன்றிவிட்டது. சட்டத்தினும் கொடியது இவ்வெட்கம். 1901இலே அந்நாட்டு மக்களுட் பாதிப்பேர் அம்மொழியைப் பேசினர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தானும் இல்லை.

அம்மட்டோடு கதை முடிந்திருந்தால் இங்கே அதனைச் சொல்ல வேண்டியதில்லை. 1922இலே ஈவன் அப் ஓவன் எட்வேட்ஸ் என்பவர் சிறுவர் சஞ்சிகை ஒன்றின் மூலம் பிள்ளைகளை அழைத்து ஓர் இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். விளையாட்டு, பாட்டு, பாசறை எல்லாம் தாய்மொழியிலே நடந்தன. அச்சங்கத்தின் முயற்சியால் 1939இலே அபரிஸ்த்வித் நகரிலே, தாய்மொழி மூலம் கற்பிக்கும் ஆரம்ப பாடசாலை ஒன்று ஏழே பிள்ளைகளுடன் தொடங்கிற்று. இன்றோ, ஆங்கிலம் மாத்திரம் அறிந்த பெற்றோரும் தம் மக்களை அத்தகைய பாடசாலைகளுக்கு விரும்பி அனுப்புகின்றனர்.

இன்னொரு குடும்பத்தின் செய்தியைக் கேளுங்கள். லங்கெனெக் என்னும் ஊரிலே திரெவர் பீஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவி அய்லீனும் வாழ்ந்தனர். வரிப் பத்திரத்தை எம் மொழியிலே தந்தாலன்றி வரி கட்டோம் என்று 1952இல் உறுதி பூண்டனர். பலமுறை நீதிமன்றம் ஏறினர். வீட்டுத் தளபாடங்கள் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின. எட்டாண்டு கழித்து, 1960இலே, இரு மொழியிலும் அச்சிட்ட பத்திரம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளிலே பிறந்த மொழிச் சட்டங்களெல்லாம் இத்தகையோர் உறுதியின் பின்னே வந்தவை. மக்கள் மனம் முதலில் மாறிற்று. சட்டம் பின்னர் மாறிற்று.

இக்கதையைக் கேட்கும்போது நாம் நம்மை அந்தப் பீஸ்லி குடும்பத்தாராகவே கண்டுகொள்கின்றோம். அது இயல்பே. 1956இல் வந்த சட்டமும், விளங்காத மொழியிலே வந்த கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கந்தோர் வாசலில் நின்ற நாட்களும் இங்கிருக்கும் பெரியோருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. 1987இலே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிற்று. எழுதியதை எல்லாக் கந்தோர்களிலும் நடைமுறையிற் காண இன்னும் உழைக்க வேண்டியிருக்கின்றது.

ஆனால் வாலிபர்களே, நம் பட்டினத்திலே ஒரு சிறு மொழி உண்டு. அதன் முன்னே நாம் பீஸ்லி அல்லோம். வரிப் பத்திரம் அனுப்பிய பெரிய மொழிக்காரர் நாமே.

பாலையூற்றிலே வாழும் பறங்கியர் குடும்பங்களை அறிவீர்கள். தச்சு வேலை, இரும்பு வேலை, இயந்திரத் திருத்தம் ஆகியவற்றிலே கைதேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டு மொழி போர்த்துக்கேயம்; லிஸ்பன் நகரத்துப் போர்த்துக்கேயமன்று, இந்நாட்டிலே பிறந்து வளர்ந்த போர்த்துக்கேயம். 1658இலே போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் ஒழிந்தது. ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் போயினர். மொழி மட்டும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அடுப்படியிலும் பட்டறையிலும் தங்கிவிட்டது. சொல் போர்த்துக்கேயம்; நடையோ தமிழ் நடை. நாம் பேசுவது போலவே வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கின்றார்கள். வேற்றுமை உருபைப் பெயரின் பின்னே ஒட்டுகின்றார்கள். முந்நூறு ஆண்டு நம் அயலிலே வாழ்ந்து நம்மிடம் இலக்கணம் கற்ற மொழி அது.

நாமும் அம்மொழிக்குக் கடன்பட்டவர்களே. காலையிலே குசினியிற் பாண் வெட்டி, மேசையில் வைத்து, கதிரையில் இருந்து உண்டு, சப்பாத்து அணிந்து, அலுமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றோமே, இத்தனைக்கும் சொல் தந்தவர் போர்த்துக்கேயர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கதிரையைத் திருத்துவிக்கப் பாலையூற்றிலே ஒரு முதியவரிடம் சென்றிருந்தோம். அவர் மனைவியோடு தம் மொழியிலே பேசினார்; பேரப்பிள்ளையோடு தமிழிலே பேசினார். “ஐயா, பிள்ளைக்கு உங்கள் பாஷையைப் பழக்கவில்லையா?” என்று கேட்டோம். உளியைக் கீழே வைத்துவிட்டு, “பழக்கினோம் தம்பி. பள்ளிக்கூடத்திலே மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். இனி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்” என்றார்.

அந்தச் சொல் எம்மைச் சுட்டது. ஏனெனில் நாம் படித்த காலத்திலும் அப்படிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம். எவரும் அப்பிள்ளைகளின் கழுத்திலே மரத்துண்டு தொங்கவிடவில்லை. நம் சிரிப்பே அந்த மரத்துண்டு.

இவ்விடத்திலே பெரியோர் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். 1622இலே கோணேசர் கோயிலை இடித்தவர் மொழியன்றோ இது? அக்கோயிற் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர் மொழிக்கு நாமா பரிந்து பேசுவது? நியாயமான கேள்வி. அத்துயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் இடித்தவன் தளபதி. கதிரை திருத்தும் முதியவர் அல்லர். தலைமுறை பல கடந்து நம்மோடு உண்டு உழைத்து, நம்மோடு துன்பமும் பட்டவர் தலையில் அந்தப் பழியை ஏற்றுவது அறமாகாது. ஆங்கிலேயரும் நம்மை ஆண்டவரே. அவர் மொழியைப் பெருமையோடு கற்கின்றோம். வலியார் மொழிக்கு மரியாதையும் எளியார் மொழிக்கு ஏளனமும் காட்டினால் அதற்குக் கோணேசர் பெயரைச் சொல்லலாகாது.

இன்னுமொன்று. 1950ஆம் ஆண்டிலே நம் பட்டினத்திற் கிணறு வெட்டும்போது, முன்னோர் மண்ணுட் புதைத்துக் காத்த விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இலே புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பஞ்சலோகம் மண்ணுள்ளே மூன்று நூற்றாண்டு காத்திருந்தது. மொழி அவ்வாறு காத்திருக்குமா? அது வாழும் இடம் மனிதர் நா ஒன்றே. கடைசி முதியவரோடு அது போய்விட்டால், எத்தனை கிணறு வெட்டினும் பேசும் மொழியாய் அதனை எடுக்க முடியாது. லிஸ்பன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவர் குழுவினரும் கடல் கடந்து வந்து அம்மொழிப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தனர். கூப்பிடு தூரத்திலே இருக்கும் நாம் என் செய்தோம்?

ஆகவே வாலிபர்களிடம் சிலவற்றை வேண்டுகின்றோம். எவர் மொழி கேட்டும் சிரியாதிருங்கள். சிரிக்கும் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குப் பாலையூற்று முதியோரை அழைத்து, அவர்கள் பாட்டை அவர்கள் மொழியிலேயே பாடக் கேட்போம். அவர்கள் இசைந்தால், தச்சுக் கருவிகளின் பெயர், தாலாட்டு, பழங்கதை ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிலே பதிந்து அவர்கள் பிள்ளைகள் கையிலேயே கொடுப்போம். மொழியைக் காக்க வேண்டியவர் அம்மக்களே. அவர்கள் வெட்கமின்றிப் பேசக்கூடிய அயலாராய் இருப்பது நம் கடன்.

இதனால் தமிழுக்கு யாது பயன் என்று கேட்பீராயின், பெரும் பயன் உண்டு. நம் வீடுகளிலும் தமிழ் பேசக் கூசும் பிள்ளைகள் இருக்கின்றனர். கடல் கடந்து வாழும் உறவினர் வீடுகளிற் சொல்லவே வேண்டாம். நம் இந்துக் கல்லூரியில் அதிபராய் இருந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் ஆங்கிலமும் துறைபோகக் கற்றவர். அவரே 1936இலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பிற மொழிக் கல்வி அவருக்குத் தமிழிலே வெட்கத்தை உண்டாக்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளை தன் மொழியைக் கூசாது பேசும் தெருவிலே, நம் பிள்ளையும் தன் மொழியைக் கூசாது பேசுவான்.

அந்த முதியவர் திருத்தித் தந்த கதிரை இன்றும் எம் வீட்டில் ஆடாமல் நிற்கின்றது. அவர் பேரனும் தலை நிமிர்ந்து தன் பாட்டியோடு பேசும் நாளை நாம் காண எல்லாம் வல்ல கோணேசப் பெருமான் அருள்புரிவாராக.