பள்ளி உணவும் பணக் கணக்கும்

ஹல்துமுல்லை, பதுளை மாவட்டத்துத் தேயிலை மலைச் சாரலில் அமைந்த ஊர். தோட்டத் தாய்மார் காலையிலேயே கொழுந்து பறிக்கப் புறப்படுவர். பசித்த வயிற்றோடு பள்ளி வரும் பிள்ளைக்கு எழுத்து எங்ஙனம் ஏறும்?

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல், இலங்கை அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் யாவருக்கும் உணவு உண்டு என்றாயிற்று. வறுமையை எவரும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை, வகுப்பே தகுதி.

ஆனால், சமைப்பவர் நிலை என்ன? அரிசியும் பருப்பும் அவர் முதலில் தம் பணத்திலோ கடனிலோ வாங்குகின்றார். உண்ட பிள்ளைகளைக் கணக்கிட்ட பின்னரே, தலைக்கு இவ்வளவு என விதித்த தொகை வந்து சேரும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சந்தை விலை விரைந்து ஏறிற்று. விதித்த தொகையோ அவ்வேகத்தில் ஏறவில்லை. கொடுப்பனவு தாமதித்தால் கடைக்காரர் கடன் மறுப்பார், அடுப்பு அணையும்.

ஆகவே, பிள்ளையின் சோற்றைக் காக்க விரும்புவோர், சமைப்பவரின் கணக்கைக் காலத்தில் தீர்த்தல் வேண்டும்.