கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் யார்?

(வெள்ளிவிழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் உதவியும் நம் மக்கள் பலர் மனமுவந்து அளித்த நன்கொடையும் சேர்ந்தே எங்கள் இருவரையும் இலண்டன் மாநகருக்கு அனுப்பி வைத்தன. உள்ளடக்கிய கல்வி, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கான கல்வி ஆகியவை குறித்த ஆசிரியர் பயிற்சியில் ஆறு வாரங்கள் பயின்று திரும்பினோம். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவது முறை. பெற்ற அறிவுக்கும் கணக்குக் காட்ட வேண்டுமல்லவா? அதற்காகவே இங்கு நிற்கிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சென்ற இடம் கிங் ஹென்றி சாலையில் உள்ள பத்தாம் எண் வீடு. 1921-22ஆம் ஆண்டுகளில் டாக்டர் அம்பேத்கர் தங்கிப் படித்த இல்லம் அது. 2015இல் மகாராட்டிர அரசு அதனை வாங்கி நினைவில்லமாக்கியது. பள்ளியில் சாக்குத் துணியின்மீது தனியே அமர்த்தப்பட்ட சிறுவன், இலண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தை 1923இல் பெற்றார். அந்த வீட்டின் வாயிலில் நின்றபோது எங்கள் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றே: இன்று நம் பள்ளிகளில் சாக்குத் துணியில் அமர்ந்திருப்பவர் யார்? விடை அடுத்த வாரமே எங்களைத் தேடி வந்தது.

பயிற்சியில் ஒரு நாள், எங்கள் காதுகளைப் பஞ்சினால் அடைக்கச் சொன்னார்கள். விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்தபடியே, முகத்தைத் திருப்பாமல், பத்து வாக்கியங்களைச் சொன்னார். எழுதிக்கொண்டோம். திருத்திப் பார்த்தால், பாதிக்கு மேல் பிழை. அவர் அதனைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "உங்களுக்கு அறிவு குறைந்துவிட்டதா?" வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். நம் தெருப் பிள்ளைதான். கேட்ட கேள்விக்கு விடை சொல்ல மாட்டாள், வேறேதோ சொல்வாள். பிள்ளைகள் நகைப்பார்கள். காதில் அடிக்கடி சீழ் வடியும். துர்நாற்றம் என்று பிறர் முகம் சுளித்ததால் கடைசி வரிசையில் தனியே அமர்த்தினோம். அவளைப் பற்றிய குறிப்பில் 'மந்தம்' என்று எழுதியவர்கள் வேறு யாரோ அல்லர்; நாங்களே. ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாமல், எட்டாம் வகுப்போடு அவள் நின்றுபோனாள்.

ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குச் சென்றோம். செங்கற்சூளையில் வேலை செய்கிறாள். அவளுடைய தாயார் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டுச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேனுங்களே ஐயா, எம் பொண்ணுக்குக் காது மந்தமுன்னு."

அன்னை சொன்னது காது மந்தம். நாங்கள் எழுதியது அறிவு மந்தம். இடையில் ஒரு பெண்ணின் பள்ளிப்பருவம் முழுவதும் போயிற்று. சேரிப் பெண்ணொருத்தி சொன்னதை மருத்துவச் செய்தியாகக் காதில் வாங்கும் பழக்கம், அச்சேரியிலேயே பிறந்த எங்களுக்கும் இல்லாமற் போனதே! இதனை மேடையில் ஒப்புக்கொள்வது எங்களுக்கு எளிதன்று. ஆயினும் ஒப்புக்கொள்ளாத ஆசிரியன் திருந்துவதில்லை.

அன்பர்களே! இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தவறும் அன்று. இங்கிலாந்தில் 1945 முதல் 'கல்வியில் இயல்புநிலைக்குக் கீழானவர்' என்றொரு வகை சட்டப்படியே இருந்தது. அத்தகையோர்க்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. கரீபியத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் அப்பள்ளிகளுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டனர். 1967ஆம் ஆண்டு இலண்டன் உள்நகரக் கணக்கின்படி, பொதுப் பள்ளிகளில் குடியேறியோரின் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். அத்தனிப் பள்ளிகளிலோ ஏறத்தாழ 28 பேர். கிரெனடாத் தீவில் பிறந்து, இலண்டனில் அத்தகைய பள்ளிகளில் பணியாற்றிய பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர், 1971இல் ஒரு சிறு நூல் எழுதி இதனை அம்பலப்படுத்தினார். பிள்ளைகள் அறிவற்றவர்கள் அல்லர். தேர்வும், ஆசிரியரின் தாழ்ந்த எதிர்பார்ப்பும், பிள்ளையின் மனக்கலக்கத்தைப் புரிந்துகொள்ளாமையுமே அவர்களை அவ்வாறு ஆக்குகின்றன என்று அவர் நிறுவினார். வெள்ளை நடுத்தர வகுப்பின் சொற்களையும் பழக்கங்களையும் கொண்டு அமைத்த தேர்வில், வேற்று வழக்குப் பேசும் குழந்தை தோற்பது அறிவுக்குறையாகுமா?

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. பெற்றோர் கூடினர். வார இறுதிப் பள்ளிகளை நடத்தினர். ஜான் லா ரோஸ் என்பவர் 1969இல் தம் வீட்டிலேயே அத்தகைய துணைப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இதனைக் கேட்டபோது நம் சங்கத்தின் மாலை வகுப்புகளே எங்கள் கண்முன் நின்றன. ஒடுக்கப்பட்டோர் எந்தக் கடலுக்கு அப்பால் இருப்பினும் ஒரே வழியைக் கண்டடைகின்றனர் போலும்!

பிறகு மாற்றங்கள் வந்தன. மேரி வார்னாக் அம்மையார் தலைமையிலான குழு 1978இல் அறிக்கை தந்தது. ஐந்து குழந்தைகளில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப்பருவத்தில் எப்போதாவது சிறப்புக் கல்வியுதவி தேவைப்படலாம் என்று அது கூறியது. குறையைச் சொல்லிக் குழந்தைக்குப் பெயரிடுவதை விட்டு, குழந்தைக்கு என்ன தேவை என்று கேட்கச் சொன்னது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதன் வழி பிறந்தது. 1994 சூன் திங்களில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் சார்பாளர்கள் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளி ஏற்க வேண்டும் என்று அறிவித்தனர்.

இங்கிலாந்து சொர்க்கமாகிவிட்டது என்று கருதிவிடாதீர்கள். பொதுப் பள்ளியில் சேர்த்துவிட்டு உதவியின்றி விடப்பட்ட குழந்தைகளைக் கண்டு, அதே வார்னாக் அம்மையார் 2005இல் இக்கொள்கையை மறுபடியும் ஆராய வேண்டும் என்று எழுதினார். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் இல்லாமலும், செவித்திறனற்ற பிள்ளைக்குச் சைகைமொழி இல்லாமலும் ஒரே கூரையின்கீழ் அமர்த்துவது உள்ளடக்கம் அன்று. அதுவும் ஒரு வகைக் கடைசி வரிசையே.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நூற்றுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தை, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்க உரிமை உடையது. ஆனால் சட்டம் தானாக நடந்து நம் தெருவுக்கு வராது. அதனைக் கைப்பிடித்து அழைத்து வருவது யார் கடமை?

இளைஞர்களே, உங்கள் கடமை என்கிறோம். சாதியால் ஒரு முறை ஒதுக்கப்பட்டவரின் பிள்ளை, உடற்குறையால் மறுமுறை ஒதுக்கப்படுகிறது. வறுமையால் காதுச்சீழுக்கு மருந்து கிட்டாமல், எண்ணெய் ஊற்றிக் காலம் கடத்துகிறோம். கண் தெரியாத பிள்ளை, எழுத்துத் தெரியாத பிள்ளை எனப்படுகிறது. இவ்விரட்டைப் பூட்டைத் திறக்க நாங்கள் சங்கத்தின்முன் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு.

முதலாவது, ஆண்டுதோறும் சூன் திங்களில் நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது, குறை கண்ட பிள்ளைக்குச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற, படித்த இளைஞர் ஒருவர் அக்குடும்பத்தோடு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, காது கேளாத பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, முகம் பார்த்துப் பேச வேண்டும். இதற்குக் காசு வேண்டாம். நான்காவது, 'மக்கு', 'மந்தம்' என்னும் சொற்களை நம் வகுப்பறையிலிருந்து மட்டுமன்றி, நம் வீடுகளிலிருந்தும் விலக்க வேண்டும். பிறர் நம்மை இழிசொல்லால் அழைத்தபோது நாம் கொதித்தோம். நம் பிள்ளையை நாமே அவ்வாறு அழைக்கலாமா?

அந்தப் பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். காதில் புண் ஆறியபின் செவித்துணைக் கருவி பயன்படலாம் என்றார். இப்போது மாலையில் வேலை முடிந்ததும் நம் வகுப்புக்கு வருகிறாள். முன்வரிசையில் அமர்கிறாள். சென்ற வாரம் தன் பெயரைத் தானே எழுதினாள். இழந்த ஆண்டுகளை இதனால் ஈடுசெய்துவிட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர்கள், பள்ளி செல்லாத பிள்ளை நம் தெருவில் இருக்கலாகாது என்று உறுதி பூண்டனர். பள்ளியிலிருந்தும் கல்லாத பிள்ளை இருக்கலாகாது என்று இன்று நாம் உறுதி பூணுவோம். நாளை வகுப்புக்குள் நுழையும்போது முதலில் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே ஒரு குழந்தை, நம் வாயசைவைக் கண்ணால் படித்துக்கொண்டு காத்திருக்கலாம்.