விட்டபின் வரும் அழைப்பு

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



சான்றோர் அமர்ந்துள்ள இவ்வவையில் சிகரெட்டைப் பற்றிப் பேச எழுவது எனக்குக் கூச்சமே. இருபத்திரண்டு ஆண்டுகள் அதற்கு ஆட்பட்டிருந்தவன் என்பதாலேயே விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். ஏழு வியசனங்களுள் புகையிலை இல்லையே என்று இளமையில் நான் வாதிட்டதுண்டு. அப்பட்டியல் வகுக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே போர்த்துக்கீசியர் வழியே புகையிலை இந்நாட்டிற்கு வந்தது என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

விட்ட கதை சிறிது. தமையனாருக்கு மாரடைப்பு வந்த இரவில் மருத்துவமனை வாயிலில் நின்று கடைசிச் சிகரெட்டை அணைத்தேன். எட்டுத் திங்கள் கடந்தன. வென்றுவிட்டேன் என்றே எண்ணினேன்.

பின்னர் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியொன்றில் நண்பர் மகனின் திருமண வரவேற்பு. விருந்து முடிந்து நாங்கள் நால்வர் மணலில் இறங்கினோம். கல்லூரிக் காலக் கதைகள், கடற்காற்று. ஒருவர் பெட்டியைத் திறந்து நீட்டி, "இன்று ஒன்று மட்டும்" என்றார். அவர்மேல் குற்றமில்லை; மறுப்பதற்குரிய சொல் என்னிடம் ஆயத்தமாக இல்லை. தீக்குச்சி மூன்றும் காற்றில் அணைந்தன. நான்காவதற்கு நானே கைகுவித்து மறைப்புக் கொடுத்தேன். அவ்வாரம் முடிவதற்குள் நாளொன்றுக்குப் பத்தாயிற்று.

இம்முறை, 2018 முதல் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டுவரும் 1800 11 2356 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்தேன். வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நிமிடங்களில் கையும் வாயும் என்ன செய்யும் என்பதை முன்னரே முடிவு செய்து வையுங்கள் என்றனர். அன்று முதல் சட்டைப்பையில் ஏலக்காய் இருக்கிறது. "இன்று வேண்டாம்" என்பதையும் விட்டொழித்தேன். அது நாளைக்கு வரச் சொல்லும் அழைப்பு. "நான் விட்டுவிட்டேன்" என்பதே இப்போது என் விடை.

இங்கே நம் தேசாவகாசிக விரதம் எனக்குக் கைகொடுத்தது. குறித்த காலத்திற்கு இன்ன எல்லையைத் தாண்டேன் என்று கொள்வது அது. செங்கற்பட்டு இரயில் நிலையத்தின் வெளியே நான் வழக்கமாக நிற்கும் தேநீர்க்கடைக்கு மூன்று திங்கள் செல்வதில்லை என்று கொண்டேன்; தேநீரை வீட்டிலேயே அருந்திவிட்டு வண்டியேறினேன். எல்லைக்குள் இருந்தவாறே வெளியிலிருந்து பொருளை வருவித்தலையும் அவ்விரதத்தின் மீறலாகவே நூலோர் வைத்தனர். பிறர் விரலிடுக்கிலிருந்து ஓர் இழுப்பு வாங்குவோரை அவர்கள் நன்கறிந்திருந்தனர் போலும்!

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் 30 அறைகள் கொண்ட விடுதிகள் புகைப்போர்க்குத் தனியிடம் ஒதுக்கலாம்; என் போன்றோர் கால்கள் அவ்விடத்தைக் கேளாமலே கண்டறியும். ஆகவே விருந்துகளில் இல்லத்தாரிடம் முன்னரே சொல்லிவிட்டுப் பந்திக்குள்ளேயே இருந்துவிடுகிறேன். விருந்தளிப்போர்க்கும் ஒரு விண்ணப்பம்: தாம்பூலத் தட்டில் சிகரெட் வைத்த காலம் ஒன்றிருந்தது, மரியாதை என்ற பெயரில் அது நம் இல்ல விழாக்களுக்கு மீண்டும் வரவேண்டாம்.

சென்ற திங்கள் கோவளத்தில் ஒரு வரவேற்பில் அதே நண்பரைக் கண்டேன். பெட்டியை நீட்டினார், என் விடையைச் சொன்னேன். சற்று நேரம் கடலைப் பார்த்திருந்தவர், தாழ்ந்த குரலில், "யாரையோ அழைத்தாயாமே, அந்த எண் என்ன?" என்றார். கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.