மொழி ஒன்று, எழுத்து இரண்டு: பஞ்சாபியர் நிலை



பஞ்சாபி மொழிக்கு இந்தியாவில் குர்முகி எழுத்து, பாகிஸ்தானில் ஷாமுகி எழுத்து. அமிர்தசரசில் அச்சான நூலை வாசித்துக் காட்டினால் லாகூர்க்காரருக்கு விளங்கும். கையில் கொடுத்தால் பெரும்பாலும் விளங்காது. ஷாமுகியில் குற்றுயிர்க் குறிகளை வழக்கமாக எழுதுவதில்லை. எழுத்து மாற்றும் மென்பொருள் அங்கேதான் இடறும். அது எம் துறையின் தலைவலி.

அதனினும் பெரிய இழப்பு வேறு. 1961 கணக்கெடுப்பில், வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக்கள் பலர் தம் தாய்மொழி இந்தி எனப் பதிந்தனர். பஞ்சாபி சீக்கியருக்கே உரியது என்னும் எண்ணம்! 1966 நவம்பர் 1 அன்று மொழிவழிப் பஞ்சாப் உருவானபோது, எல்லை வகுக்க அக்கணக்கும் கொள்ளப்பட்டது.

பாகிஸ்தானில் 2023 கணக்கின்படி ஏறத்தாழ 37 விழுக்காட்டினரின் தாய்மொழி பஞ்சாபி, எண்ணிக்கையில் முதலிடம். ஆயினும் அங்குள்ள பஞ்சாப் மாகாணத்தில் பள்ளிக்கல்வி உருதுவிலும் ஆங்கிலத்திலுமே. அயலார் எவரும் அங்கே தடுக்கவில்லை. நகரத்துப் பெற்றோர் பலர் தமக்குள் பஞ்சாபியிலும் பிள்ளைகளிடம் உருதுவிலும் பேசுகின்றனர்.