சட்டையில் இருப்பது யார் பெயர்?

(தாம்பரத்தில் தையல் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அதில் யாரும் யாரோடும் லேசில் பேசுவதில்லை. வேலைக்குப் போகிறவருக்குத் தூக்கம், திரும்புகிறவருக்குக் களைப்பு. ஆனால் சேப்பாக்கத்தில் சென்னை அணியின் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் பாருங்கள். மஞ்சள் பனியன் போட்ட பையன் ஒருவன் குரோம்பேட்டையில் ஏறினால், மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் நாலு பேர் அவனோடு பேசிவிடுவார்கள். "தம்பி, டிக்கெட் கிடைச்சுதா?" "இன்னிக்கு ஜெயிச்சுடுவாங்களா?" பெயர் தெரியாது, ஊர் தெரியாது. சட்டையின் நிறமே அறிமுகம்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வி எதுவென்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சாதிக் கேள்வியை ஒரு பனியன் அரைமணி நேரம் தள்ளி வைக்கிறது என்றால் சந்தோஷமே!

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சினிமா விளம்பரத் தட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் நடந்தவனுக்கு நாள் கூலி கொடுத்தார்கள். இன்று கம்பெனியின் பெயரை நெஞ்சில் சுமந்து நடக்கிறவன், அதற்குத் தானே காசும் கொடுக்கிறான்! விலை கொடுத்து வாங்க முடியாதவன் பிளாட்பாரத்தில் போலிப் பெயர் போட்டதை வாங்குகிறான். அவன் மீதும் எனக்குக் கோபமில்லை. நாலு பேர் தன்னை மதித்துப் பேசவேண்டும் என்ற ஆசை ஏழைக்கு இருக்கக் கூடாதா?

நான் கேட்பது வேறு. ரயிலில் அந்த நாலு பேர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், விலையைக் கேட்டார்கள், எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். யார் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே! தைத்தவள் அதே பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய ஏற்றுமதி மண்டலம், மெப்ஸ், இருக்கிறது. அங்கே வெளிநாட்டுக்குப் போகும் துணி தைக்கிறார்கள். பருத்தி பறித்தவர், நூற்பாலையில் ராத்திரி ஷிப்டில் அறுந்த இழையை முடித்தவர், ஓவர்லாக் அடித்தவர், பிசிறு வெட்டியவர், அயர்ன் போட்டவர் என்று ஒரு சட்டை எத்தனை கைகளைக் கடந்து வருகிறது! காலரில் உள்ள லேபிளில் கம்பெனியின் பெயர் இருக்கும். கீழே "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று இருக்கும். இந்தியாவா உட்கார்ந்து தைத்தது?

அந்தத் துண்டு லேபிளை அற்பமாக நினைக்காதீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில், ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. உள்ளே தையல் தொழிற்சாலைகள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்கும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்குப் போகச் சொன்னார்கள். மாண்டவர் 1,100 பேருக்கு மேல். பெரும்பாலோர் பெண்கள்.

உலகத்தின் பெரிய கம்பெனிகளுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது. இத்தாலியின் பெனட்டன் கம்பெனி முதலில் தனக்குச் சம்பந்தமில்லை என்றது. இடிபாட்டுக்குள் அதன் லேபிள் ஒட்டிய சட்டைகள் கிடந்ததைப் படம்பிடித்து வெளியிட்ட பிறகு, ஆர்டர் கொடுத்ததை ஒப்புக்கொண்டது. ரயிலில் பேச்சைத் தொடங்கி வைக்கிற அதே லேபிள், சாவரில் சாட்சி சொல்லியது. அந்த மே மாதமே, கட்டிடப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களோடு கம்பெனிகள் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதற்கு முன்பும் தீ விபத்துகள் நடந்தன, தொழிலாளர்கள் செத்தார்கள். இப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு அவ்வளவு கம்பெனிகள் இறங்கி வந்ததில்லை.

தூர தேசத்துக் கதை என்று யாரும் சொல்லவேண்டாம். நம் திண்டுக்கல் பக்கம் ஒரு தையல் மில்லில் வேலை செய்த தலித் பெண் ஒருத்தி 2021 ஜனவரியில் கொலையுண்டாள்; அவளுடைய சூப்பர்வைசர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் முன்நின்று நடத்திய சங்கம் ஒன்று விடாமல் போராடியது. அந்த மில்லின் துணியை எந்த வெளிநாட்டுக் கம்பெனி வாங்குகிறது என்று உலகுக்கு எடுத்துச் சொன்னது. விளைவு, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம். மில் நிர்வாகம் மட்டுமல்ல, துணி வாங்கிய எச் அண்ட் எம் கம்பெனியும் பொறுப்பேற்றது. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து நிறுத்தினார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் மானேஜரைப் பார்க்கவே நமக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பெண்கள் கடல் தாண்டி இருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்!

ஆகவே இங்கு வந்திருக்கும் தையல் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஓர் இரண்டணா நோட்டு, அதாவது இன்றைய பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம், வாங்குங்கள். எந்த மாதம் எந்த லேபிளுக்குத் தைத்தோம், எந்த லைன், எத்தனை பீஸ், ஓவர்டைம் எத்தனை மணி என்று அன்றன்றைக்கே வீட்டில் எழுதி வையுங்கள். சாவரில் அதைக் கல்லுக்கடியில் தேடி எடுக்க வேண்டியிருந்தது.