நம் வீடுகளின் பேஸ்மட்டமும் வெள்ள வரைபடமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின் நீண்ட உரையைக் கேட்கும் பொறுமை எவருக்கும் இராது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஐப்பசி மழைக்கு முன் பேசியாக வேண்டிய பொருள் ஒன்றுண்டு.

வெள்ளம் நமக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்தபோது நம் மாவட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. காற்றினும் மழையே மிகுந்த கேடு செய்தது. 2022 நவம்பரில் அண்டையூரான சீர்காழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நாம் இருப்பதோ காவிரியின் கடைமடை. ஆற்றுநீரும் வயல் வடிகாலும் ஊர்மழையும் ஒருசேர வரும் வேளையில் கடல் உயர்ந்து நிற்குமாயின், அரசலாற்று முகத்துவாரம் நீரை வாங்காது. அந்நீர் தெருவில்தான் தேங்கும்.

எக்கட்டடம் எவ்வளவு சேதமுறும் என்று முன்னரே கணிக்க இயலுமா? மத்திய அரசின் கட்டடப் பொருள் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுமம் அதற்கென ஒரு நிலப்படத் தொகுப்பை 1997இல் வெளியிட்டு, 2006இலும் 2019இலும் புதுப்பித்துள்ளது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்த சுவர், கூரை விவரங்களை வெள்ளம், புயல், நிலநடுக்க அபாயங்களோடு பொருத்திய பணி அது. மண்சுவர் வீட்டுக்கு அபாயம் மிகுதி. சுட்ட செங்கல் வீடு அதற்கடுத்தது. கான்கிரீட் வீட்டுக்குக் குறைவு.

நல்ல பணிதான். எனினும் மாவட்டமே அதன் அலகு. நம் தெரு அதில் தெரியாது. வீட்டின் பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதைக் கணக்கெடுப்பாளர் கேட்பதுமில்லை. சேதத்தைத் தீர்மானிப்பதோ அதுவே! அமெரிக்காவில் பயன்படும் ஹேசஸ் என்னும் கணினிமுறையும் தரைமட்ட உயரத்தையும் அதற்குமேல் ஏறும் நீரின் ஆழத்தையும் கொண்டே சேதத்தைக் கணிக்கிறது. இங்கே பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிச் சென்ற வீடுகளுக்கு இன்று ஒரு படியே மிஞ்சியுள்ளது. சில வீடுகளுக்குள் இறங்கியே செல்கிறோம். செங்கல் வீடாயிற்றே என்றும் இருந்துவிட முடியாது. மண்சாந்தில் எழுப்பிய பழஞ்சுவர் நீரில் ஊறினால் இணைப்புகள் இளகிவிடும். நீர் வடிந்த பின்னும் அது இடிவதுண்டு. அவசரப்பட்டு உள்ளே குடிபுகுவது உயிருக்கே கேடு.

ஆகவே தெருவுக்கு இருவர் வீதம் சென்று சுவரின் சாந்து, கூரை, சாலையிலிருந்து பேஸ்மட்ட உயரம், 2008இல் நீர் நின்ற அளவு ஆகியவற்றைக் குறித்துவர எண்ணியுள்ளோம். சாலைக்குச் சாலை உள்ள ஏற்றத்தாழ்வைக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே காட்டிவிடும். எங்கள் வீடு பள்ளம் என்று எழுதிவிட்டால் விலை குறையாதா என்று சிலர் கேட்டனர். நியாயமான அச்சமே. ஆதலால் வீட்டாரின் இசைவின்றி எவ்விவரமும் வெளியே தரப்படாது. முதியோரும் நோயாளிகளும் உள்ள தாழ்ந்த வீடுகளை முதலில் காலி செய்யவே அது பயன்படும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பதிவேடு திறக்கப்படும். கட்டட வேலை அறிந்த சகோதரர்கள் முதலில் பெயர் தந்துதவ வேண்டுகிறோம்.